பர்கருக்கு ஒரு நாள்

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த வாக்குவாதம் புதிதல்ல. "அம்மா, இன்னைக்கு பர்கர் வாங்கலாமா?" "போன வாரந்தானே சாப்பிட்டே?" அடுத்த பத்து நிமிடத்தில் யார் பக்கம் வெற்றி என்பது, அன்று யார் அதிகக் களைப்பில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வேலை முடிந்து வரும் பெற்றோர்தான் பெரும்பாலும் களைத்துப்போய் இருப்போம்.

என் மகன் தொடக்கநிலை 3இல் படிக்கிறான். எங்கள் வீவக புளோக்குக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் நடுவில் மூன்று விரைவு உணவுக் கடைகள். பொரித்த கோழியின் மணத்தைத் தாண்டாமல் வீட்டுக்கு வர முடியாது. 'பிள்ளையின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை எங்களைப் போன்றவர்களுக்கு உதவாது.

எனக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. என் அப்பாவுக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர். இப்போது தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சிங்கப்பூரில் சீனர்களைவிட மலாய்க்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் நீரிழிவு அதிகம் என்பதைத் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தபோது, எங்கள் வீட்டில் அது செய்தியாக இல்லை. சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்தது.

அப்படியானால் அடியோடு தடை போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் தடை பல சமயம் எதிர்விளைவைத்தான் தருகிறது. அமெரிக்காவில் ஃபிஷர், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு தின்பண்டத்தைக் கண்முன் வைத்துவிட்டு, எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். பிள்ளைகள் அந்தப் பண்டத்தைப் பற்றியே கூடுதலாகப் பேசினார்கள், அதையே கேட்டார்கள்.

ஆசை நாக்கில் மட்டும் இல்லை என்பதற்கும் சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாளில், மற்றொன்று மெக்டோனல்ட்ஸ் தாளில். படம் போட்ட தாளில் இருந்ததுதான் ருசி என்று சொன்ன பிள்ளைகளே அதிகம். கேரட்டுக்கும் அதே பதில்! பெட்டி, பொம்மை, விளம்பரம், நண்பர்களின் பேச்சு எல்லாம் சேர்ந்துதான் அந்த 'ருசி'.

எங்கள் வீட்டில் என் கணவரும் நானும் முதலில் பர்கருக்கு ஒரு நாள் குறித்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. நாள்காட்டியில் மகனே வட்டம் போடுவான். மற்ற நாளில் கேட்டால் நாங்கள் கோபப்படுவதில்லை, விளக்கவுரையும் கிடையாது. "வட்டம் எப்போ இருக்கு, பாரு" என்பதோடு சரி. முதல் மாதம் அழுகை, முறைப்பு எல்லாம் இருந்தது. ஒரு நாள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பதில் மாறவே மாறாது என்று தெரிந்த பிறகு கேட்பது தானாகக் குறைந்தது. முடிவு அன்றைய களைப்பைப் பொறுத்தது அல்ல என்பதில் எனக்கும் நிம்மதி.

அந்த வெள்ளிக்கிழமை எதற்கும் பரிசு அல்ல. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாலும் வரும், வாங்காவிட்டாலும் வரும். பர்கரைப் பதக்கமாக்கினால் கீரை தண்டனையாகிவிடும். சேட்டை செய்தான் என்று அந்த நாளை ரத்து செய்வதும் இல்லை.

அடுத்தது பசி. மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்து மாலை 6.30 மணிக்கு வரும் பிள்ளைக்கு வயிறு கிள்ளும். அந்தப் பசியோடு மூன்று கடைகளைத் தாண்டச் சொல்வது பெரியவர்களுக்கே கடினம். அதனால் என் கைப்பையில் ஒரு வாழைப்பழமோ அவித்த கடலையோ இருக்கும். கடை வருமுன் அது அவன் வாய்க்குள் போய்விட வேண்டும்.

கடைக்குப் போகும் நாளில் அவனுக்குப் பிடித்த பர்கரை அவனே தேர்ந்தெடுப்பான். பானம் மட்டும் தண்ணீர். பானங்களில் உள்ள நியூட்ரி-கிரேட் முத்திரையைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தோம். 2022 டிசம்பர் 30இல் டின், போத்தல் பானங்களுக்கு வந்த இந்த முறை, மறு ஆண்டு கடைகளில் தயாரித்துத் தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி இருந்தால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஆறுக்கும் மேல். இந்தக் கணக்கைப் போடுவது இப்போது அவனுக்கு விளையாட்டு.

அந்த விளையாட்டுதான் எங்களையும் மாட்டிவிட்டது. ஒரு நாள் மகன் கேட்டான்: "தாத்தா பர்கரே சாப்பிட மாட்டாங்களே, அவங்களுக்கு எப்படிம்மா இனிப்பு நீர் வந்துச்சு?"

பரம்பரை ஒரு காரணம், வயது ஒரு காரணம் என்று சொன்னேன். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் தினமும் மூன்று வேளை கெட்டிப்பால் போட்ட தே, தட்டு நிறைய வெள்ளைச் சோறு, ஞாயிறு காலை பராட்டா எல்லாம் அவனும் பார்த்து வளர்ந்தவைதான். விரைவு உணவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, உணவங்காடியில் மீ கோரெங்கும் பொரித்த கோழி இறக்கையும் வாங்கி வந்தால் பிள்ளை நம்புமா?

அதனால் சட்டம் எல்லாருக்கும் பொது என்றானது. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வதுபோல் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. என் கணவர் கோப்பிக் கடையில் 'சியூ டாய்' என்று சொல்லிச் சீனி குறைத்து வாங்குகிறார். அப்பா முணுமுணுத்தார். ஆனால் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பழுப்பு அரிசிச் சோறு சாப்பிடும்போது, தனக்கு மட்டும் வெள்ளைச் சோறு வேண்டும் என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை.

தாத்தா பாட்டியிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டோம். பேரனுக்கு ஆசையாக எதாவது வாங்க வேண்டுமென்றால் கதைப் புத்தகமோ பழமோ வாங்குங்கள். பர்கர் வாங்கித் தரும் ஆசை இருந்தால் வட்டம் போட்ட வெள்ளிக்கிழமை எங்களோடு வாருங்கள். இப்போது அந்த வெள்ளிக்கிழமைகளில் ஆறு பேர் ஒரு மேசையில் உட்காருகிறோம்.

அவனுக்குப் பர்கர் ஆசை போய்விட்டதா? இல்லை. இன்றைக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது முகம் மலர்கிறது. மலரட்டும். 'கெட்ட சாப்பாடு' என்ற சொல்லையோ, 'குண்டாகிவிடுவாய்' என்ற பயமுறுத்தலையோ வீட்டில் யாரும் பயன்படுத்துவதில்லை. உடம்பைப் பற்றிய வெட்கம் பிள்ளையின் மனத்தில் ஏறிவிட்டால், அதை இறக்குவது பர்கரை நிறுத்துவதைவிடக் கடினம்.

உங்கள் வீட்டில் தொடங்க நினைத்தால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். பிள்ளையையும் உட்கார வைத்து ஒரு நாளைக் குறியுங்கள். மறுநாள் பானத்தைத் தண்ணீராக மாற்றுவது பற்றிப் பேசுங்கள். அதற்கு முன் உங்கள் கோப்பையில் எத்தனை கரண்டி சீனி என்பதையும் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கட்டாயம் கேட்கும்.