ஓசி கிம்ச்சியும் ஒரு ஆயிரம் வொன்னும்

கொரியா போயிட்டு வந்த தமிழன் எழுதுற பதிவுன்னா முதல் பாராவுலயே ஒண்ணு வந்துடும். "அவங்களும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுறாங்க!" தெரிஞ்ச கதை. நான் அதை எழுதப் போறதில்லை. (கை துறுதுறுங்குது, ஆனாலும் இல்லை.) ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையைப் பத்தி எழுதப் போறேன். இன்னும் சரியாச் சொன்னா, அந்தக் கடையில நான் காட்டின அற்பத்தனத்தைப் பத்தி.

2023 ஆகஸ்டுல இருந்து ஆறு மாசம் ஆபீஸ் வேலையா சியோல்ல இருந்தேன். ஆபீஸ் இருந்தது கசான் பக்கம். 1960கள்ல குரோ தொழிற்பேட்டைன்னு ஆரம்பிச்ச பகுதி அது. துணி தைக்கிறது, விக் பண்றதுன்னு கிராமத்துல இருந்து வந்த இளம்பெண்கள் ராப்பகலா உழைச்ச இடம். இப்போ எங்க பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடம், ஐடி கம்பெனி. மத்தியானம் பன்னெண்டு அடிச்சா எல்லாக் கட்டடத்துல இருந்தும் ஜனம் கழுத்துல அடையாள அட்டையோட கொட்டும். நம்ம பழைய மகாபலிபுரம் சாலையேதான்.

அந்தக் கட்டடங்களுக்குப் பின்னாடி ஒரு சந்துல அந்தக் கடை. மொத்தம் நாலு மேசை. பதினாறு பேர் உக்காந்தாச்சுன்னா பதினேழாவது ஆள் வாசல்லதான் நிக்கணும். வீட்டம்மா சமையல், அவங்க வீட்டுக்காரர் பரிமாறுறது ப்ளஸ் கல்லா. மூலையில ஒரு பாட்டி, அவரோட அம்மா, எப்பவும் எதையாவது ஆய்ஞ்சுக்கிட்டே இருப்பாங்க. சாயங்காலம் காலேஜ் விட்டு வர்ற மகள் பாத்திரம் கழுவும். அவ்வளவுதான் ஸ்டாஃப்.

அங்க கிடைக்கிற முக்கியமான ஐட்டம் 'பெக்பன்'. வார்த்தைக்கு அர்த்தம் வெள்ளைச் சோறு. நம்ம மெஸ் சாப்பாடு மாதிரின்னு வெச்சுக்கோங்க. என்ன வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. உக்காந்தா வந்துடும். மூடி போட்ட ஸ்டீல் கிண்ணத்துல சோறு, ஒரு சூப் இல்லேன்னா கொதிக்கிற குழம்பு, சுத்தி சின்னச் சின்னத் தட்டுல ஏழு தினுசு தொட்டுக்க. இந்தத் தொட்டுக்கைக்குப் பேர் 'பன்சான்'. கிம்ச்சி கட்டாயம் உண்டு. மத்தது நாளுக்கு நாள் மாறும். கீரையை வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு பூண்டும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசறினது. சோயா முளைப்பயறு. சோயா சாஸ்ல பிரட்டின உருளைக்கிழங்கு. குட்டி நெத்திலிக் கருவாட்டை இனிப்பா வறுத்தது. ஆமாங்க, நெத்திலிக் கருவாடு! அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தீர்ந்துபோன தட்டைத் தூக்கிக் காட்டினா ஐயா உடனே நிரப்பிக் கொண்டாந்து வெப்பார். எத்தனை தடவைன்னாலும். காசு கிடையாது. கொரியாவுல பெரும்பாலான கடையில இதுதான் வழக்கம். ஓசி சாம்பாருக்குப் பழகின நமக்கு இதைவிட என்ன வேணும்? நானும் தட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன்.

நான் பன்றி, மாடு சாப்பிடுறதில்லை. புளிச்ச கிம்ச்சியைப் போட்டுக் கொதிக்க வைக்கிற 'கிம்ச்சி ஜிகே'ங்கிற குழம்புல வழக்கமா பன்றிக்கறிதான் போடுவாங்க. இதை ஆபீஸ் நண்பர் ஒருத்தர் அந்தம்மாகிட்ட ஒரே ஒரு தடவை சொன்னார். அதுக்கப்புறம் அந்தக் குழம்பு வர்ற நாள்ல எனக்கு மட்டும் தனியா ஒரு சட்டி, டின் சூரை மீன் போட்டு. நான் கேக்கலை. அதுக்குத் தனியாக் காசும் வாங்கலை.

அங்க எல்லாரும் அந்தம்மாவை 'இமோ'ன்னுதான் கூப்பிடுவாங்க. அம்மாகூடப் பொறந்தவங்கன்னு அர்த்தம். நம்ம பாஷையில பெரியம்மா, சித்தி. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அக்டோபர் மாசம் ஒருநாள் போனா, சுவத்துல இருந்த விலைப்பலகையில 8,000ங்கிற எண் மேல ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி 9,000ன்னு எழுதியிருந்தது. ஆயிரம் வொன் ஏத்திட்டாங்க. நம்ம காசுக்கு அறுபது ரூபா சொச்சம். எங்க மேசையில ஒரே முணுமுணுப்பு. "மாசத்துக்கு இருபது நாள், இருபதாயிரம் வொன் ஆச்சே"ன்னு கணக்குப் போட்டவன் நான்தான். வெளியே வந்ததும் "ஏன் இந்தம்மாவும் இப்படி ஆயிட்டாங்க?"ன்னு சொன்னதும் சாட்சாத் நான்தான். அடுத்த மூணு வாரம் அந்தப் பக்கமே போகலை. பக்கத்துக் கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல பிளாஸ்டிக் டப்பா சாப்பாட்டை வாங்கி, மைக்ரோவேவ்ல சுட வெச்சு, நின்னுக்கிட்டே தின்னேன். வைராக்கியமாம்.

நவம்பர்ல ஒருநாள் மீட்டிங் இழுத்துடுச்சு. மணி மூணு. பசி. வெட்கத்தை விட்டுட்டு அங்க போனேன். கதவைத் திறந்தா ஒரு மேசை முழுக்க மலை மாதிரி சோயா முளை. பாட்டியும் வீட்டம்மாவும் ஐயாவும் சுத்தி உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்து வேர் நுனியைக் கிள்ளிக்கிட்டு இருக்காங்க. வாசல்ல மூட்டை மூட்டையா முட்டைக்கோஸ், நீளமா இருக்குமே, அந்த நாப்பா வகை. வருஷத்துக்கான கிம்ச்சி போடுற சீசன். அதை உப்புல ராத்திரி பூரா ஊறவெச்சு, கழுவி, வடியவெச்சு, இலை இலையா விரிச்சு மசாலா தடவணும். 'கிம்ஜாங்'ன்னு சொல்ற இந்த வழக்கத்துக்கு யுனெஸ்கோ 2013ல அங்கீகாரம் கொடுத்திருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா யுனெஸ்கோ வந்து வேர் நுனி கிள்ளாது.

மதியச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு அவங்க ஓய்வெடுக்கிற நேரம்னு அதுவரைக்கும் நான் நினைச்சது இதுதான். என்னைப் பார்த்ததும் அந்தம்மா எந்திரிச்சு உள்ளே போனாங்க. பத்து நிமிஷத்துல சாப்பாடு வந்தது. மூணு வாரம் எங்க போனேன்னு கேக்கலை. அன்னிக்கு என்னால தட்டைத் தூக்கிக் காட்ட முடியலை.

அடுத்த வாரம் நண்பரோட போனப்ப, அவரை விட்டு மெல்லக் கேக்கச் சொன்னேன். காலையில எத்தனை மணிக்குக் கடைக்கு வருவீங்க? அஞ்சரை. எத்தனை மணிக்குப் போவீங்க? ஒன்பதரை. மகளுக்குச் சம்பளம் உண்டா? அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "குடும்பம்தானே"ன்னாங்க.

இந்தக் 'குடும்பம்தானே'தான் விஷயம், மக்களே.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2023ல கொரியாவுல குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 9,620 வொன். ஏழு தொட்டுக்கையோட அந்தம்மா போட்ட சாப்பாட்டோட பழைய விலை 8,000. வெளியாள் ஒருத்தரை எட்டு மணி நேரத்துக்கு வேலைக்கு வெச்சா 76,960 வொன் கொடுக்கணும். கிட்டத்தட்ட பத்து சாப்பாடு வித்த மொத்தப் பணம். அரிசி, எண்ணெய், கேஸ், வாடகை எல்லாம் இதுக்கு மேல. அங்க வேலை செய்யறது நாலு பேர். நாலு பேருக்கும் கூலி போட்டிருந்தா அந்த விலையில ஒரு வாரம் கூட அந்தக் கடை ஓடியிருக்காது. கடை ஓடினதே அந்தக் கூலி கணக்குல வராததாலதான்.

கொரிய அரசாங்கத்தோட வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்துல இவங்களுக்குன்னே தனியா ஒரு வகை இருக்கு. 'சம்பளமில்லாத குடும்பத் தொழிலாளர்'. அதுல பெரும்பாலானவங்க பெண்கள். பேர் வெச்சு எண்ணுறாங்க, ஆனா சம்பளம் இல்லை!

அப்புறம் இன்னொண்ணு. அங்க சோறு இன்னொரு கிண்ணம் கேட்டா 1,000 வொன் தனி. குக்கர்ல தானா வேகுற சோத்துக்குக் காசு. மூணு பேர் குனிஞ்சு உக்காந்து ஒண்ணொண்ணாக் கிள்ளின முளைக்கு ஓசி. எதுல மெஷின் உழைப்பு இருக்கோ அதுக்கு விலை, எதுல மனுஷக் கை இருக்கோ அது சும்மா. நம்மூர் மெஸ்ல மட்டும் என்ன வாழுதாம்? எக்ஸ்ட்ரா ஆம்லெட்டுக்குக் காசு. கூட்டும் பொரியலும் ரெண்டாவது தடவை சும்மா.

கொரியர்கள் சமையலைப் பாராட்ட ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. 'சோன்மாத்', கையோட ருசி. நாம கைப்பக்குவம்னு சொல்றோமே, அதேதான். வீட்டுச் சாப்பாட்டுக்கு 'ஜிப்பாப்'. ரெண்டுமே அழகான வார்த்தை. ஆனா இந்த அழகான வார்த்தைங்க ஒரு வேலை பண்ணுதுங்க. உழைப்பைப் பாசமா மாத்திடுதுங்க. பாசத்துக்கு பில் போட முடியாதே! இமோன்னு கூப்பிட்டுட்டா விலை ஏத்துறப்ப அது வியாபாரமாத் தெரியலை, சித்தி துரோகம் பண்ணிட்ட மாதிரி தெரியுது. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சது. அதே சந்துல இருந்த காபிக் கடைச் சங்கிலியில விலை ஏத்தினப்ப நான் ஒரு வார்த்தை சொல்லலை. ஏன்னா அவங்க எனக்குச் சித்தி இல்லை.

"அப்ப தொட்டுக்கைக்கும் விலை போட்டுடலாமே"ன்னு கேப்பீங்க. முயற்சி பண்ணிப் பாத்திருக்காங்க. 1970கள்ல அரிசியை மிச்சம் பிடிக்க, ஓட்டல் சோத்துக் கிண்ணத்துக்கு அரசாங்கம் அளவு வெச்சது. அந்த மூடி போட்ட ஸ்டீல் கிண்ணம் இன்னிக்கும் நிலைச்சிருக்கு. 1980கள்ல தொட்டுக்கையையும் கேட்டு வாங்கி அதுக்குத் தனியாக் காசு கொடுக்கிற முறையைக் கொண்டுவரப் பாத்தாங்க. வேணாம்னு ஜனங்க ஒதுக்கிட்டாங்க. எனக்கும் அது பிடிக்காதுதான். ஏழு தட்டுக்கு ஏழு விலைன்னா அது பெக்பனே இல்லை. ஓசியாக் கொடுக்கறது அவங்க மரியாதை. அதைப் பிடுங்க வேணாம்.

டிப்ஸ் வெச்சுடலாமேன்னா, அதுவும் அங்க நடக்காது. ஒருநாள் மிச்சம் ஆயிரம் வொன்னை மேசையிலேயே விட்டுட்டு வந்தேன். ஐயா சந்து முனை வரைக்கும் ஓடி வந்து கையில திணிச்சுட்டுப் போனார். ஆக, ஒரே வழிதான் இருக்கு. பலகையில போடுற விலை. அதை ஏத்துறப்ப வாயை மூடிக்கிட்டுக் கொடுக்கறதுதான் நாம செய்யக்கூடிய மரியாதை.

சாப்பிட வர்றவனும் சம்பளக்காரன்தானேன்னு கேட்டா, நியாயம்தான். 2022ல விலைவாசி ஏறினப்ப மதியச் சாப்பாட்டு விலைக்குன்னே அங்க 'லஞ்ச்ஃப்ளேஷன்'னு ஒரு சொல் புழங்குச்சு. நிஜமாவே முடியாதவங்க இருக்காங்க. விலை குறைவா விக்கிற கடைகளைத் தேர்ந்தெடுத்து 'நல்ல மனசு விலைக் கடை'ங்கிற அர்த்தத்துல அரசாங்கம் 2011ல இருந்து பலகை கொடுக்குது. நோக்கம் தப்புன்னு சொல்லலை. ஆனா விலை குறைவா இருக்கறதுதான் நல்ல மனசுன்னா, ஏத்தினவங்களுக்கு என்ன மனசு? ஜனங்களோட கஷ்டத்தைக் குறைக்கற பொறுப்பு எப்படி ஒரு பாட்டியோட விரல் நுனியில வந்து உக்காந்துச்சு? தவிர, நான் முடியாதவன் இல்லை. தினம் 4,500 வொன்னுக்குக் காபி குடிச்சவன்.

சாப்பாட்டுக் கடைங்களைப் பத்தி எழுதுற நம்ம ஆளுங்களுக்கு (என்னையும் சேர்த்துத்தான்) ஒரு வேண்டுகோள். "சும்மா அள்ளி அள்ளி வெக்கிறாங்க, விலையோ கொள்ளை மலிவு, வீட்டுச் சாப்பாடு மாதிரியே"ன்னு இனிமே எழுதுறதுக்கு முன்னாடி, உள்ளே யாரெல்லாம் வேலை செய்யறாங்க, அதுல யாருக்குச் சம்பளம் உண்டுன்னு ஒருதடவை எட்டிப் பாருங்க. மலிவுன்னு நாம பாராட்டுறப்பல்லாம் அவங்க விலை ஏத்தறதை இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குறோம். ரெண்டாவது தட்டு கேளுங்க, தப்பில்லை. ஆனா மிச்சம் வெக்காதீங்க.

ஜனவரியில நான் கிளம்பிட்டேன். 2024 செப்டம்பர்ல வெயில் கொடுமையால கொரியாவுல முட்டைக்கோஸ் விலை தாறுமாறா ஏறி, சீனாவுல இருந்து இறக்குமதி பண்ற அளவுக்குப் போச்சு. அந்தச் செய்தியைப் பார்த்ததும் அந்தக் கடை ஞாபகம்தான் வந்தது. நண்பருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். கடை இருக்காம். ஆனா விலை இப்ப 10,000. தொட்டுக்கை ஏழுல இருந்து நாலு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டாங்க, மத்தியானம் மட்டும்தான். மகளுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சாம். "முன்ன மாதிரி இல்லப்பா, மாறிட்டாங்க"ன்னு வருத்தமா எழுதியிருந்தார்.

எனக்கு என்னமோ ரொம்ப சந்தோஷமா இருந்தது. நாலே தட்டுன்னா பாட்டி இப்ப மத்தியானம் ஒரு மணி நேரமாவது தூங்குவாங்கல்ல?

டிஸ்கி: அந்த நெத்திலிக் கருவாடு அந்த நாலுல இருக்கான்னு மட்டும் நண்பர்கிட்ட மறுபடி கேட்டேன். இருக்காம் :-)