ரோபோவை நிறுத்தினால் கூலி குறையுமா? பனியன் கம்பெனிகள் இப்போதே யோசிக்க வேண்டிய கேள்வி

‘ரோபோ வந்தா நம்ம வேலை போயிருமா?’ அவிநாசி, திருப்பூர் வட்டாரத்தில் ஆட்டோமேஷன் பேச்சு வந்தாலே முதலில் எழும் கேள்வி இதுதான். ஆனால், அதற்கு முன்பே பதில் தேட வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: ரோபோவும் மனிதரும் ஒரே ஷெட்டில், பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தால் யார் பேச்சை யார் கேட்பது?

டெய்லரை மாற்றுவது ஏன் கஷ்டம்?

கொங்கு மண்டலத்து நூற்பாலைகளுக்குத் தானியங்கி இயந்திரம் புதிதல்ல. நூல் நிரம்பிய பாபின்களைக் கழற்றிவிட்டு காலி பாபின்களை மாட்டும் வேலையைப் பல மில்களில் ஆட்டோ டாஃபர் செய்கிறது. தையல் அப்படியில்லை. பனியன் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும், வழுக்கும். அதைத் தொட்டே உணர்ந்து விரல் சரிசெய்துகொள்கிறது. இரும்புத் தகட்டை எளிதாகத் தூக்கும் ரோபோ, இங்கே தடுமாறுகிறது.

அதனால் ஓவர்லாக் மெஷினைவிட, பெட்டி தூக்குவது, துணி ரோல் நகர்த்துவது, பேக்கிங் போன்ற வேலைகளில்தான் ரோபோ முதலில் நுழைய வாய்ப்பு அதிகம். அதாவது, ஆட்களுக்கு நடுவிலேயே அது நடமாடும்.

வேலி எங்கே போனது?

1979 ஜனவரி 25-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபோர்டு ஆலை ஒன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி ரோபோ மோதி இறந்தார். ஆலை ரோபோக்களைக் கம்பி வேலிக்குள் வைப்பது இத்தகைய ஆபத்தால்தான். இந்தியாவிலும் 1948 தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு அமைக்கச் சொன்னது.

‘கோபாட்’ எனப்படும் கூட்டுப்பணி ரோபோக்கள் பல இடங்களில் வேலி இல்லாமலே இயங்குகின்றன. ஆள் நெருங்கினால் வேகம் குறையும், இடித்தால் நிற்கும். கையைப் பிடித்து நகர்த்தியே வேலை சொல்லிக்கொடுக்கக்கூடிய ரகங்களும் உண்டு. இதற்காக 2016-ல் வந்த ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 15066 வழிகாட்டுதல், உடலின் 29 இடங்களில் எவ்வளவு அழுத்தம் வரை ஏற்கலாம் என்று வரம்பு சொன்னது.

அளவுக்கு மீறிய நம்பிக்கை

சரி, இடிக்காவிட்டால் போதுமா? போதாது. 2016-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், ஒரு கட்டடத்தில் செயற்கைப் புகையைப் பரப்பி, தீ விபத்து போன்ற சூழலை உருவாக்கினார்கள். சற்று முன்புதான் தவறாக வழிகாட்டிய ரோபோவின் பின்னாலேயே மக்கள் போனார்கள். வந்த வழி தெரிந்தும் அதில் திரும்பவில்லை. ‘மெஷினுக்குத் தெரியாதா என்ன?’ என்ற நினைப்பு, பயத்தைப் போலவே ஆபத்தானது.

இங்கே என்ன செய்ய வேண்டும்?

நம் கம்பெனிகளில் தமிழ் பேசுபவர்களோடு இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எச்சரிக்கை காட்டும் ரோபோ அவர்களுக்கு ஊமைதான். ரோபோ அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது விளக்கு, சத்தம், அசைவு மூலம் யாருக்கும் சட்டென்று புரிய வேண்டும்.

அதைவிட முக்கியம், கூலி. பல இடங்களில் பீஸ் ரேட். ஒரு நிமிடம் லைன் நின்றாலும் பீஸ் குறையும். ஸ்டாப் பட்டனை அழுத்தினால் சம்பளம் குறையும்னா, யார்தான் அழுத்துவாங்க? எத்தனை சென்சார் வைத்தாலும் அந்தப் பாதுகாப்பு பாதிதான்.

எனவே, ரோபோவுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். அதோடு வேலை செய்யப்போகும் தொழிலாளிகளை வைத்தே சோதனை ஓட்டம். அவரவர் மொழியில் பயிற்சி. பாதுகாப்புக்காக நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடித்தம் கிடையாது. அரசு இத்தகைய இயந்திரங்களுக்கு மானியம் தருவதானால், இவற்றையே நிபந்தனையாக்கலாம்.

மனிதரைப் புரிந்துகொள்ளும் ரோபோவை ஆய்வகங்கள் உருவாக்கட்டும். பயமில்லாமல் அதை நிறுத்தக்கூடிய தொழிலாளியைக் கம்பெனிதான் உருவாக்க முடியும்.