ஏரி வேலைக்கு ஒரு டியூப் சன்ஸ்கிரீன்

2024 மே மாதம். நாங்கள் வேலை செய்யும் விழுப்புரம் மாவட்டச் சேரி ஒன்றில், ஏரி வேலைக்குப் போகும் அக்கா ஒருவருக்கு இரண்டு கைகளிலும் வெண்புள்ளி. நிறமிழந்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கிடையாது. மதியத்துக்குள் அந்த இடம் மட்டும் சிவந்து கொப்புளம் போட்டுவிடும். தோல் மருத்துவர் மினரல் சன்ஸ்கிரீன் தடவச் சொன்னார். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அப்படி ஒன்று இல்லை. மருந்துக் கடையில் 50 கிராம் டியூப் 450 ரூபாய். குழுவில் எல்லோரும் காசு போட்டு வாங்கினோம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் டியூபைத் திறந்ததும் மற்ற பெண்களும் கை நீட்டினார்கள். நாங்களும் நீட்டினோம். முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழே, பாதம் என்று வெயில் படும் இடமெல்லாம் தடவிக்கொண்டு மண்வெட்டியையும் பாண்டையும் எடுத்தோம்.

"என்னாடி இது, சுவத்துக்கு வெள்ளையடிச்சாப்ல இருக்கு!" என்றார் ஒரு ஆயா. ஏரிக்கரையே சிரித்தது. வருகைப் பதிவுக்காக எடுத்த படத்தில் பாதிப்பேர் கூத்துக்கு வேடம் கட்டியவர்கள் போலத் தெரிந்தார்கள்.

ஆயா சொன்னதில் மிகை இல்லை. மினரல் சன்ஸ்கிரீனில் வேலை செய்வது துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும். இரண்டுமே வெள்ளைத் தூள்கள். சுவர் பெயின்டுக்கு வெண்மை தருவதும் அதே டைட்டானியம் டை ஆக்சைடுதான். வெளிர் தோலில் இது மறைந்துவிடும். எங்கள் தோலில் சாம்பல் பூத்துத் தெரியும். இதை மாற்றுவது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இரும்பு ஆக்சைடு கலந்தால் பழுப்பு நிறம் வந்துவிடும். அரிப்புக்குத் தடவும் கலமைன் லோஷனும் துத்தநாக ஆக்சைடுதான், அதன் இளஞ்சிவப்பு இரும்பு ஆக்சைடு தந்தது. அதுமட்டுமல்ல, கறுத்த தோலில் மங்கு விழுவதற்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஒரு காரணம். அந்த வெளிச்சத்தைத் தடுப்பதும் இரும்பு ஆக்சைடுதான். அப்படிப்பட்ட டியூப்களும் சந்தையில் இருக்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்துச் சிற்றூர்க் கடைக்கு வந்து சேர்வது வெள்ளைதான். யார் வாங்குவார்கள் என்று நினைத்து இதைச் செய்தார்கள் என்பது தடவிய அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, தினம் போட்டா வெளுப்பேனா?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுக்க 2020 வரை ஆனது. பெயர்தான் போயிற்று. இன்றைக்கும் சன்ஸ்கிரீன் விளம்பரங்களில் பாதி, வெயிலில் கறுக்காமல் இருக்கத்தான் அழைக்கின்றன. வெயிலில் நின்று உழைப்பவருக்குத் தோல் வேகும், மங்கு விழும், கண்ணில் புரை வரும் என்பதைப் பேசும் விளம்பரம் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

கணக்குக்கு வருவோம். எஸ்பிஎஃப் என்று டியூபில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவினால்தான் செல்லும். உடம்பு முழுவதற்கும் ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி வேண்டும். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி வருகிறவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, 10 கிராம் என்று வைப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும், வியர்த்தால் அதற்கு முன்பே. ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் 30 கிராம், அதாவது 270 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி 319 ரூபாய். அதையும் முழுசாகக் கையில் வாங்கியவர் குறைவு. கிரீமுக்குப் போக 49 ரூபாய் மிஞ்சும்.

அவ்வளவு தடவினாலும் அது தடுப்பது புற ஊதாக் கதிரை மட்டுமே. சூட்டைத் தடுக்காது. பதினொரு மணிக்கெல்லாம் வியர்வையோடு வழிந்து, ஏரி மண்ணும் ஒட்டி, எங்கள் கைகள் சேறு பூசியதுபோல் ஆகிவிட்டன. அப்போது எல்லோரும் தேடியது நிழலைத்தான். கரையில் ஒரு கருவேல மரம், முப்பது பேர்.

வேலைத்தளத்தில் குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் குழந்தைகளுக்கும் ஓய்வு நேரத்துக்கும் நிழலும் இருக்க வேண்டும் என்று அப்போதைய வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொன்னது. நாங்கள் போன தளத்தில் ஒரு தார்ப்பாய்கூட இல்லை. ஆனால் 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட செயலிக்கு நாளுக்கு இரண்டு படம் தவறாமல் வேண்டியிருந்தது. இரண்டாவது படம் எடுக்கும்வரை, வேலை முடிந்தாலும் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது.

நிழல் இந்த மண்ணில் எப்போதுமே சாதி பார்த்துத்தான் கிடைத்திருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தமது சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிந்திருக்கிறார். ஆண்கள் சட்டையோ பனியனோ போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக்கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. மானத்தைப் பறித்த கொடுமை என்று இதைப் பல முறை பேசியிருக்கிறோம். கையில் டியூபோடு கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. நம் உடம்பை வெயிலுக்குத் திறந்துபோடு என்பதும் அந்த உத்தரவில் இருந்திருக்கிறது. அப்படிக் கறுத்த தோலையே பிறகு இழிவு என்றார்கள்.

"வெயில் அவங்களுக்குப் பழகிப்போச்சு" என்று அலுவலகங்களில் இன்றும் சொல்கிறார்கள். கறுத்த தோலில் நிறமி அதிகம், அதனால் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை. ஆனால் வெயில் தாக்கி விழுவதற்கும் நிறமிக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் செத்தபிறகு வரும் 4 லட்சத்துக்கு முன்னால், உயிரோடு இருக்கும்போது கட்டவேண்டிய தார்ப்பாய் ஒன்று இருக்கிறது.

அதற்காக அந்த டியூப் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. அக்கா புள்ளிகள்மேல் மட்டும் தடவினார், பத்து நாள் வந்தது. அந்தப் பத்து நாளும் கொப்புளம் இல்லை. இதை அழகுசாதனம் என்ற பட்டியலில் போட்டுவிட்டதால் சுகாதார நிலையத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள். வெண்புள்ளி உள்ளவருக்கும், பிறவியிலேயே நிறமி இல்லாதவருக்கும் இது மருந்து. மருந்துபோலவே இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். தளத்துக்கு இரண்டு தார்ப்பாய், கோடையில் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடியும் வேலை, அதற்கேற்ப இரண்டாவது படத்தின் நேரம் என்று மூன்று கோரிக்கைகள். சன்ஸ்கிரீனுக்குச் சுகாதாரத் துறைக்குத் தனி மனு. பதில் வரும்வரை அக்காவின் டியூபுக்கு நாங்களே காசு போடுகிறோம். இப்போது நகரத்துக் கடையில் சொல்லிவைத்துப் பழுப்பு நிறத்தில் வாங்குகிறோம். எழுபது ரூபாய் கூடுதல்.