பப்பாளிக்கு வந்த வினை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருக்கும் சகோதரிகள், தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு யந்திரச் சாமான்களைச் சுமந்து வரும் மரத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் ஓரத்தில் கோதுமைக் கதிர் போல ஒரு முத்திரை இருக்கும். பலகையின் நடுப்பாகம் வரை 56 டிகிரி உஷ்ணம் ஏறும்படி 30 நிமிஷம் வாட்டியோ, விஷப்புகையிட்டோ, உள்ளே இருக்கும் பூச்சியை ஒழித்தாகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது.

வெறும் மரத்துக்கு இத்தனை உபசாரமா என்று கேட்பீர்கள். அந்நியப் பூச்சி ஒன்று ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாடே அனுபவித்திருக்கிறது. அது மரத்துக்குள் ஒளியும் ஜாதியல்ல. செடியோடும் பழத்தோடும் பிரயாணம் செய்யும் ஜாதி.

2008-ஆம் வருஷம் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில், அரிசி மாவைத் தூவினாற்போல வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டது. ஆராய்ந்ததில், அது மெக்ஸிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி என்று தெரிந்தது. இந்தியாவில் அதுவரை கண்டிராத பூச்சி! பப்பாளியோடு நின்றதா? மரவள்ளி, செம்பருத்தி, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி எல்லாவற்றிலும் ஏறிச் சாற்றை உறிஞ்சியது. இலைகள் சுருண்டன, மரங்கள் பட்டுப்போயின. அவற்றையே நம்பியிருந்த குடும்பங்கள் கலங்கின. மருந்தடித்தும் பலனில்லை, அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை ஒட்ட விடாது.

சொந்த ஊரில் அடங்கிக் கிடந்த பூச்சி இங்கே ஏன் இந்த ஆட்டம் ஆடியது? தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் அல்லவா! அங்கே அதற்கு எதிரி உண்டு, இங்கே இல்லை.

ஆகவே எதிரியையே தருவித்தார்கள். 2010-இல் அமெரிக்க விவசாய இலாகாவின் உதவியால், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. அவற்றைச் சோதித்து, பெருக்கி, நம் தோட்டங்களில் விட்டார்கள். கொசுவைவிடச் சிறியவை, மனிதரைக் கொட்டா. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பிறக்கும் புழு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். சில மாதங்களில் பப்பாளி மறுபடி தளிர்த்தது.

சகோதரிகளே, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் செடியும் பழமும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கொல்லையில் இதுவரை காணாத பூச்சியைக் கண்டால், கிளையை ஒடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றாமல், ஒரு படம் எடுத்துத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள். அவசரப்பட்டு மருந்துப் புட்டியைத் திறக்கவேண்டாம். நமக்காக உழைக்கும் அந்தக் குட்டிக் குளவியும் அதில்தான் செத்துப்போகும்.