சில்லறைக்கு உதவாத மறைக்காசு

காசு என்னும் சொல் நம்முடையது. கீழைநாட்டுச் சிறுநாணயங்களைக் குறிக்க ஆங்கிலர் வழங்கிய 'கேசு' என்னும் சொல்லும் போர்த்துக்கீசியர் வாய்வழி இங்கிருந்து சென்றதே என்பதை அவர்தம் அகரமுதலிகளே ஒப்புகின்றன. காசென்பது சிற்றளவுப் பணம். கீரைக்கும் உப்பிற்கும் பேருந்திற்கும் கொடுக்க உதவுவது. அவ் வேலைக்கு உதவாத ஒன்றைக் காசென்று அழைப்பதே முதற் பிழை.

'கிரிப்டோ' என்று இளைஞர் நாவில் வழங்கும் மறைக்காசைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றோம். அதனை வாங்கி வைத்து விலையேற்றத்திற்குக் காத்திருப்போர் காத்திருக்க; ஆதாயமும் இழப்பும் அவரைச் சாரும். ஆனால், தேநீர்க் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் அதுவே வருங்காலப் பணம் என்றும், இடையில் வைப்பகம் (வங்கி) இல்லாமையால் செலவே இல்லை என்றும் சொல்கின்றார்களே, அக் கூற்றையே மறுக்கின்றோம்.

செலவு இல்லையா? மறைக்காசுகளுள் தலையாயதாகிய பிட்காயினையே எடுத்துக்கொள்வோம். அதிற் பணம் செலுத்துவோர் ஒவ்வொருவரும் உலகப் பொதுக் கணக்கேட்டில் ஒரு வரி எழுதுவிக்க வேண்டும். அவ் வேட்டின் பக்கம் ஏறத்தாழப் பத்து நிமையத்திற்கு ஒன்றே திறக்கும். நொடிக்கு ஏழு செலுத்தங்களுக்கு மேல் அது தாங்காது என்பர். உலகம் முழுமைக்கும் ஏழு! கோவை காந்திபுரத்தில் ஒரு நொடியில் கைமாறும் சில்லறைக்கே அது போதாது. ஆகலின் இடத்திற்கு ஏலம் நடக்கிறது. மிகுதியாகக் கட்டணம் தருபவன் வரி முதலில் ஏறும்.

இனித்தான் கவனிக்க வேண்டிய கொடுமை. அக் கட்டணம் பணத்தின் அளவைப் பொறுத்ததன்று. ஏட்டில் அடைக்கும் இடத்தின் அளவைப் பொறுத்தது. நாற்பது இலக்கம் உருபாவிற்குத் தோப்பு வாங்குபவனும் நாற்பது உருபாவிற்குக் கீரையும் தக்காளியும் வாங்குபவளும் ஒரே கட்டணமே கட்டுவர். தோப்புக்காரனுக்கு ஒரு தாலர் கட்டணம் கண்ணுக்கே தெரியாது. கீரைக்காரிக்கோ அது வாங்கிய பொருளின் விலையினும் இருமடங்கு. பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரும் மாட்டின் விலைக்கேற்பவே தரகு கேட்பர். கன்றுக்கும் காளைக்கும் ஒரே தரகு கேட்டால் சந்தை சிரிக்கும். வணிகர் பண்டைநாளிற் கொடுத்த மகமையும் சரக்கின் அளவிற்கேற்றதே.

ஏலம் சூடேறிய நாள்களில் நடந்தது என்ன? 2017 திசம்பரில் ஒரு செலுத்தத்தின் நிரவற் கட்டணம் ஐம்பது தாலரைத் தாண்டியது. கணினி விளையாட்டு விற்கும் 'இசுட்டீம்' நிறுவனம் அத் திங்களிலேயே பிட்காயினை வாங்குவதை நிறுத்திவிட்டது. கட்டண ஏற்றமும் விலைத் தள்ளாட்டமுமே கரணியமென்று அதுவே அறிவித்தது. 2024 ஏப்பிரல் 20 அன்று நிரவற் கட்டணம் 120 தாலரையும் கடந்தது. நம் பணத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் உருபா! அன்று தேநீர் குடிக்க எண்ணியவன் தேநீர்க் கடையையே விலைபேசியிருக்கலாம்.

இன்னொன்று. மிகச் சிறிய தொகைக்கு அம் முறையார் இட்ட பெயரே 'துகள்' என்பது. பழைய வகை முகவரிக்கு 546 சதோசிக்குக் குறைந்த தொகையை அனுப்பினால் அவ் வலையிலுள்ள கணினிகள் அதனைக் குப்பையெனத் தள்ளிவிடும். ஒரு பிட்காயின் 1,00,000 தாலரைத் தொட்ட 2024 திசம்பரில் அத் தொகை ஏறத்தாழ 46 உருபா. நம் தாய்மாரின் ஒருநாட் காய்கறிச் செலவு அவர்க்குத் துகள்!

கட்டணம் என்றும் இவ்வாறே நிற்பதில்லை. ஒரு தாலருக்குக் கீழ் இறங்கிய நாள்களும் பல என்பர். மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாலரென்பதே எண்பது உருபாவிற்கு மேல். மேலும், இன்று ஐந்து, நாளை ஐயாயிரம் என்று ஏறியிறங்கும் கட்டணத்தை நம்பி எந்தக் கடைக்காரர் விலைப்பலகை எழுதுவார்? 'மின்னல்' எனப்படும் மேல்வலை சிறுசெலுத்தங்களை மிக மலிவாகச் செய்கிறது என்பதும் உண்மையே. ஆயினும் அவ் வலைக்குள் தன் சொந்த வாயிலைத் திறக்கவும் மூடவும் அடிவலைக் கட்டணமே கட்ட வேண்டும். அதற்கஞ்சி வேறொரு நிறுவனத்திடம் பணத்தை ஒப்படைத்தால், வைப்பகம் வேண்டாவென்று புறப்பட்டவர் பெயர் மாறிய வைப்பகத்திற்கே வந்து சேர்கின்றார். எல் சால்வதோர் நாடு 2021 செபுத்தம்பரில் பிட்காயினைச் சட்டப்பணமாக்கிக் கடைதோறும் ஏற்கவேண்டுமென விதித்தது. 2025 சனவரியில் அக் கட்டாயத்தைக் கைவிட்டது.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். நொய்யற்கரை வெள்ளலூரில் உரோம வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. அவை கடல்கடந்த பெருவணிகத்தின் எச்சம். கரூர் அமராவதி மணலிலோ சிறுசிறு செப்புக்காசுகள் திரளாகக் கிடைக்கின்றன. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு மலிவான மாழையே தகுமென்பதை விளக்க இதனினும் வேறு சான்று வேண்டுமோ? முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்னும் புகழ்ப்பெயர் எதனால் வந்ததென்று மாணவரைக் கேளுங்கள். கோவையில் நாள்தோறும் சுங்கம் என்னும் நாற்சந்தியைக் கடப்பவர்க்கும் அச் சொல்லின் பொருள் மறந்துபோயிற்று.

சட்டத்தின் நிலையையும் சிறிது சொல்லவேண்டும். 2022 ஏப்பிரல் முதல் மறைக்காசு ஆதாயத்திற்கு நூற்றுக்கு 30 பங்கு வரி; ஒன்றில் வந்த இழப்பை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இடமில்லை. அவ்வாண்டு சூலை முதல், வரம்பைக் கடந்த கைமாற்றங்களில் நூற்றுக்கு ஒரு பங்கு முன்பிடித்தமும் உண்டு. மறைக்காசு கொடுத்துத் தேநீர் குடிப்பதும் கைமாற்றமே. ஒவ்வொரு குவளைக்கும் வாங்கிய விலை, கொடுத்தநாள் விலை, ஆதாயம் என்று கணக்கெழுத வேண்டும்! சென்னை உயர்முறைமன்றமும் 2025 அகுத்தோபரில் அதனை உடைமையென்று ஏற்றதேயன்றிப் பணமென்று ஏற்கவில்லை.

அயல்நாட்டில் உழைத்து வீட்டிற்குப் பணம் அனுப்பும் தமிழர் வழக்கு வேறு. அங்கே இடைத்தரகர் கட்டணம் கொள்ளையாக இருக்குமிடத்து, மலிவான வழி எதுவாயினும் ஆராய்தல் முறையே. சிங்கப்பூரினின்று நேரே அனுப்பும் இணைப்பு 2023 பிப்பிரவரியிலேயே வந்துவிட்டது என்பதையும் அவர்கள் அறிதல் நன்று.

சந்தைக்கடையின் பகை மறைக்காசு மட்டுமன்று. 'யு.பி.ஐ.' என்னும் கைப்பேசிச் செலுத்தத்திற்கு 2020 சனவரி முதல் வணிகரிடம் கட்டணம் இல்லை. அதனால்தான் வெற்றிலைக் கடையிலும் கட்டப்படம் தொங்குகிறது. இலவயமென்று மயங்கவேண்டா, அச் செலவில் ஒரு பங்கு நம் வரிப்பணமே. 2024-25ஆம் ஆண்டிற்குச் சிறுவணிகர்க்கான ஊக்கத்தொகையாக நடுவணரசு ஒதுக்கியது 1,500 கோடி உருபா. செலுத்தங்களிற் பெரும்பங்கு செல்வதோ வால்மார்ட்டின் போன்பே, கூகுள் பே என்னும் இரண்டு அயலார் வாயில்கள் வழியே. 2025 மார்ச்சில் செலுத்த நிறுவனங்களின் கூட்டமைப்பு, பெருவணிகரிடம் நூற்றுக்கு 0.3 பங்கு கட்டணம் பெற இசைவு வேண்டித் தலைமையமைச்சர்க்கு எழுதியது. அவ்வாண்டு சூனில் நிதியமைச்சகம் அவ்வகைச் செய்தியை மறுத்தது. இன்று பெருவணிகர்க்கென்று கேட்பது நாளை உழவர்சந்தைக்கு நீளாது என்பதற்கு உறுதி எங்கே? சிறுகடைக்கு என்றும் கட்டணம் இல்லையென்பதை வாய்ச்சொல்லாக அன்றிச் சட்டமாக எழுதித் தருமாறு கோவை, ஈரோடு, திருப்பூர் வணிகர் கழகங்கள் இப்பொழுதே கேட்டல் வேண்டும்; தாளும் நாணயமும் கொடுத்தால் வாங்கமாட்டோம் என்னும் கடைகளையும் அவையே தட்டிக் கேட்டல் வேண்டும்.