காரில் ஏறும் காவல் நாயும் நம் பொறுப்பும்



நாயைப் பற்றி நம் சமுதாயத்தில் பேச்செடுத்தால் அது ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது: வளர்க்கலாமா, கூடாதா? அந்தக் கேள்விக்கு விடை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. வேட்டைக்கும், கால்நடைகளின் காவலுக்கும், விளைநிலத்தின் காவலுக்கும் நபி (ஸல்) அவர்கள் விலக்களித்தார்கள். தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்றும் எச்சரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் செய்தி இது. கடையநல்லூர், தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்போர் காட்டுப்பன்றிக்கும் திருட்டுக்கும் அஞ்சி ஒரு சிப்பிப்பாறையையோ ராஜபாளையத்தையோ வளர்ப்பது இந்த விலக்கின்கீழ் வருவதுதான். ஆகவே அந்த விவாதத்தை இங்கே மீண்டும் தொடங்கப் போவதில்லை. வளர்க்க அனுமதி பெற்றவர் அந்த நாயை வாகனத்தில் ஏற்றும்போது எப்படி ஏற்றுகிறார் என்பதே என் கேள்வி.

காவல் நாய்க்கும் பயணம் உண்டு. ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். பன்றி குத்திய காயத்திற்குத் தையல் போட வேண்டும். கால்நடை மருத்துவமனை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும். அந்தச் சிறு பயணத்திற்கு என்ன ஏற்பாடு செய்கிறோம்? பின் இருக்கையில் ஏற்றி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். பெரும்பாலும் அந்தப் பொறுப்பு வீட்டுப் பையனின் தலையில் விழும். இல்லையென்றால் சரக்கு வண்டியின் பின்தட்டில் கழுத்துக் கயிற்றால் கட்டிவிடுகிறோம். நகரத்திலோ சிறு நாயை மடியில் வைத்துக்கொண்டே காரோட்டுகிறவர்களையும் காண்கிறோம். "பக்கத்தில்தானே போகிறோம், அல்லாஹ் காப்பாற்றுவான்" என்பதே இவை அனைத்திற்கும் சொல்லப்படும் சமாதானம்.

திர்மிதியில் இடம்பெறும் ஒரு செய்தியை நாம் எல்லோரும் அறிவோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டவா, அவிழ்த்துவிட்டுச் சாட்டவா என்று ஒருவர் கேட்டார். கட்டிய பின்னரே பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வழிகாட்டினார்கள். தவக்குலைப் பற்றி மேடைதோறும் எடுத்துச் சொல்லப்படும் செய்தி இது. ஆனால் அதில் வருவது உண்மையான ஒரு விலங்கு, உண்மையான ஒரு கயிறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கட்டாமல் விட்டால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் எதுவும் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. ஏறத்தாழ மூன்று மாடி உயரம். 25 கிலோ எடையுள்ள ஒரு நாய் அந்த உயரத்திலிருந்து ஒரு குழந்தையின் முதுகில் விழுவதாக எண்ணிப் பாருங்கள். எத்தனை பலசாலியாக இருந்தாலும் அந்த நொடியில் எவராலும் அதைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. முன் இருக்கையில் மடியில் இருக்கும் நாய்க்கோ காற்றுப்பையே எமனாகும். நம் உயிருக்காகச் செய்யப்பட்ட பை அது. இமைக்கும் நேரத்திற்குள் வெடித்து விரியும் அதன் விசை நாயின் உடலுக்கென்று அளக்கப்பட்டதன்று.

மோதாவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. லாரியின் ஹாரன் ஒலி கேட்டு மிரண்ட நாய் ஓட்டுநரின் காலடியில், பிரேக் மிதிக்குக் கீழே போய்ப் பதுங்கலாம். கதவைத் திறந்ததும் நெடுஞ்சாலையில் பாய்ந்து ஓடலாம். அதற்காகத் திடீரென ஒதுங்கும் இருசக்கர வண்டிக்காரர் யாரோ ஒருவருடைய பிள்ளை. விபத்துக்குப் பின் உதவிக்கு வருபவரை வலி தாங்காத நாய் கடித்துவிடவும் கூடும். நாயின் உயிர் மட்டுமே இங்கே பேச்சு என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, கட்டத்தான் வேண்டும். எப்படிக் கட்டுவது? இந்த இடத்தில் நம் மார்க்க நூல்கள் பலர் எதிர்பார்க்காத அளவுக்கு நுட்பமாகப் பேசுகின்றன. பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளான செய்தி நமக்குத் தெரியும். ஒட்டகத்தைக் கட்டியது வழிபாட்டின் ஒரு பகுதியானது. பூனையை அடைத்தது நரகத்திற்கு வழியானது. கட்டப்படும் விலங்கின் நலன் கட்டியவரின் கணக்கில் இருந்ததா என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியை அபூ பஷீர் அல்அன்சாரி (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பி, ஒட்டகங்களின் கழுத்தில் கட்டப்பட்டிருந்த வில் நாண்களை எல்லாம் அறுத்துவிடும்படி உத்தரவிட்டார்கள். கண்ணேறு கழியும் என்ற மூடநம்பிக்கையை ஒழிக்கவே இந்த உத்தரவு என்பது இமாம் மாலிக் அவர்களின் கருத்து. இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரான இமாம் முஹம்மத் பின் ஹஸன் அவர்களோ, நாண் கழுத்தை இறுக்கி விலங்கை மூச்சுத் திணறச் செய்துவிடக் கூடாது என்பதே காரணம் என்றார்கள். பயணத்தில் செல்லும் விலங்கின் கழுத்தில் இறுகும் கயிறு என்ன செய்யும் என்று நம் அறிஞர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார்கள். நாமோ இன்றும் சரக்கு வண்டியில் கழுத்தில்தான் கட்டுகிறோம். வண்டி குலுங்கும்போது வெளியே தாவும் நாய் அந்தக் கயிற்றிலேயே தொங்கிச் சாகும். தாவாவிட்டாலும், திடீரென பிரேக் போட்டால் முழு உடலின் எடையும் கழுத்தெலும்பில் வந்து விழும். வாகனத்தில் கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது. மார்பையும் தோளையும் சுற்றி வரும் அகலப் பட்டையில்தான் கட்ட வேண்டும்.

அந்த மார்புப் பட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்னும் அமைப்பு 2013ஆம் ஆண்டு சுபாரு கார் நிறுவனத்தின் ஆதரவோடு இத்தகைய பட்டைகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியபோது, பெரும்பாலானவை எதிர்பார்த்த பாதுகாப்பைத் தரவில்லை. உறையில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிக்கும் தையலின் உறுதிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே என் பரிந்துரை கூண்டுதான். நாய் நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடமுள்ள கூண்டு. பின்பக்கக் கதவுள்ள பெரிய காராக இருந்தால் பின்னிருக்கைக்குப் பின்னே வைத்து, நகராதபடி வார்ப்பட்டையால் இறுக்கிவிட வேண்டும். கட்டப்படாத கூண்டு, கட்டப்படாத நாயைவிடக் கனமான எறிபொருள். நாய் சிறியதென்றால் முன்னிருக்கைக்குப் பின்னே தரையில் கூண்டு அடங்கிவிடும்.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்குக் கூண்டில் இன்னொரு பயனும் உண்டு. நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாய் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபிகளிடத்திலும் அதன் எச்சில் நஜீஸ்தான். நாய் வாய் வைத்த பஞ்சு இருக்கையை மண் கலந்து எப்படிக் கழுவுவது? அடுத்த நாள் அதே இருக்கையில் அமர்ந்துதான் உம்மா ஜும்ஆவுக்கோ திருமணத்திற்கோ வருகிறார்கள். அடித்தட்டுள்ள கூண்டை வெளியே எடுத்து வைத்துக் கழுவிவிடலாம். பேணுதலுள்ள வீடுகளில் நாயைக் காரில் ஏற்றவே தயங்கி, அதனால் தடுப்பூசியையே தள்ளிப் போடுவதும் நடக்கிறது. வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் மனிதருக்கு ஏறத்தாழ மீட்சியே இல்லை என்பதால், இது சிறிய தவறன்று.

பயணக் கூட்டத்தில் நாய் இருந்தால் வானவர்கள் உடன் வருவதில்லை என்று முஸ்லிமில் உள்ள ஹதீஸைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. நாய் உள்ள வீட்டைப் பற்றிய ஹதீஸை விளக்கும்போது, அனுமதிக்கப்பட்ட நாய்களுக்கு அது பொருந்தாது என்றார் கத்தாபி. இமாம் நவவி அதைப் பொதுவாகவே கொண்டார்கள். ஆலிம்கள் பேச வேண்டிய இடம் இது. காவலுக்கு வைத்த நாயை மருத்துவமில்லாமல் விட்டுவிட இதை ஆதாரமாக்க முடியாது என்பதை மட்டும் நான் சொல்வேன்.

சட்டம் நம்மைத் திருத்தும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவில், தேவையற்ற வேதனை தரும்படி விலங்கை வாகனத்தில் ஏற்றிச் செல்வதைக் குற்றமென்கிறது. முதல்முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்! இங்கிலாந்தின் சாலை விதித் தொகுப்பு 57ஆவது விதியில் நாயைப் பட்டையிலோ கூண்டிலோ தடுப்புக்குப் பின்னோ வைக்கும்படி வெளிப்படையாகவே சொல்கிறது; அங்கே குடியேறிய நம் உறவினர்கள் அதைப் பழகிக்கொண்டுவிட்டார்கள். ஊருக்கு வரும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

செலவைச் சொல்லித் தட்டிக்கழிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய நாய்க்கான கூண்டு சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்காக அது வீண் என்று தோன்றலாம். பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கட்டும், அல்லது உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளட்டும். கம்பியின் முனைகள் உட்பக்கம் நீட்டாதபடி பார்த்து வாங்குங்கள். அற்பப் பொருளையும் இரவல் தர மறுப்பவர்களைக் கண்டிக்கும் அல்மாஊன் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதுகிறவர்கள்தானே நாம்.

கூண்டு வந்த அன்றே நாயை உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டாம். ஒரு வாரம் தோப்பிலேயே கதவைத் திறந்து வைத்து, சோற்றை உள்ளே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கப் பழகும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சோற்றை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும்; தண்ணீரை நிறுத்தாதீர்கள். வழியில் லுஹருக்காகப் பள்ளியில் நிறுத்தினால், கண்ணாடியை ஏற்றிப் பூட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி வெப்பம் ஏறும். நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காத நாய்க்கு மூச்சிரைப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு ஜமாஅத்தாகப் பிரிந்து தொழுதுகொள்ளலாம். ஒருவர் நிழலில் வண்டியோடு நிற்கட்டும்.