கோப்பை ஆட்டங்களுக்கும் வேண்டும் உச்சவரம்பு
வட அமெரிக்காவின் என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கியில் ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பணபலம் உள்ள அணியே எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக 2005-இல் வந்த நல்ல விதி. ஆனால் லீக் சுற்று முடிந்து பிளேஆஃப் தொடங்கியதும் அந்த வரம்பு செல்லாது என்று வைத்திருந்தார்கள். கோப்பையை முடிவு செய்கிற ஆட்டங்களுக்கே விதி இல்லை!

2021-இல் டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ், இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் லீக் சுற்றின் 56 ஆட்டங்களிலும் ஆடவில்லை. அவர் நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்ததால், அவருடைய 95 லட்சம் டாலர் அளவுக்கு அணி வரம்பைத் தாண்டிச் செலவழிக்க முடிந்தது. பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே களமிறங்கி, 23 ஆட்டங்களில் 32 புள்ளிகள் குவித்தார். ஸ்டான்லி கோப்பை டாம்பாவுக்கு. வெற்றிக் கொண்டாட்டத்தில் அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டில், வரம்புக்கு மேல் 1.8 கோடி டாலர் என்ற வாசகம். தோற்ற அணிகளின் ரசிகர்கள் அதைப் பார்த்துக் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. குச்செரோவின் காயம் உண்மையானது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்டையை அடைக்காமல் விட்ட லீக்கைத்தான் சொல்ல வேண்டும்.

ஒருவழியாக 2025-26 பருவம் முதல் பிளேஆஃபுக்கும் வரம்பு வந்துவிட்டது. அதிலும் அன்றைய ஆட்டத்தில் இறங்கும் 20 பேரின் சம்பளம் மட்டுமே கணக்கு. முழு அணிக்கும் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.